பழனியாண்டியின் கிளச்

பழனியாண்டி பதுளைச் சந்தையில் மீன் எடுப்பதைப் பார்த்தாலே ஆளை விளங்கிக்கொள்ளலாம். செவுளைத் தூக்குவான். கண்ணை அமுக்குவான். வியாபாரி மீனைத் தராசில் போட்டதும் குனிந்து தராசுக்கு அடியில் பார்ப்பான்.

"என்ன பழனி, அடியில என் பொஞ்சாதியா ஒளிஞ்சிருக்கா?" என்று யாராவது கேட்டால், "இருந்தாலும் இருக்கும்" என்பான். சிரிக்க மாட்டான்.

அந்தக் குனியும் பழக்கம் சின்ன வயதில் வந்தது. அவன் தாய் நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவள். மாலையில் நிறுக்கும்போது ஈரத்துக்கென்று கொஞ்சம், சாக்குக்கென்று கொஞ்சம் கழிப்பார்கள். வெயில் காய்ந்த நாளிலும் ஈரத்துக்குக் கழித்தார்கள். பையன் தாயின் பக்கத்தில் நின்று தராசு முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பான். நானும் அதே லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில் இருந்தவள், அவனுக்குப் பதினைந்து வயது மூத்தவள். அவன் நின்ற நிலை எனக்கு ஞாபகம் இருக்கிறது. பெரியவனானதும் தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிய மாட்டேன் என்று சொல்லிவிட்டான். பதுளை மீன் கடையில் பெட்டி கழுவினான். பிறகு ஒரு பழைய ஜப்பான் மோட்டார் சைக்கிளை வாங்கி, பின்னால் மரப்பெட்டி கட்டி, ஐஸும் மீனுமாக லயம் லயமாகப் போகத் தொடங்கினான். இருபது வருடத்துக்கு மேல் அதுதான் பிழைப்பு. இரண்டு பெண்பிள்ளைகளைக் கட்டிக் கொடுத்தது அந்தப் பெட்டிதான்.

நான் பண்டாரவளையில் பராமரிப்பாளர் பயிற்சி எடுத்தவள். சைப்பிரசில் சில வருடம் கிழவர் கிழவிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, இப்போது பதுளையில் இப்றாஹீம் நானாவைப் பார்த்துக்கொள்கிறேன். அவருக்குப் பாரிசவாதம், ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அவர் மகன் பலீல் மோட்டார் சைக்கிள் திருத்துகிற பாஸ். முன்னால் கராஜ், பின்னால் வீடு. இரண்டுக்கும் நடுவில் ஒரு கதவு. இந்தக் கதவைப் பற்றிப் பின்னால் பேச்சு வரும்.

சென்ற வருடம் மாசி மாதத்தில் பழனியாண்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு கராஜுக்கு வந்தான். நமுனுகுல ஏற்றத்தில் எஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை, கருகல் நாற்றம் வருகிறது என்றான். பலீல் ஏறி ஒரு சுற்று ஓட்டிவிட்டு இறங்கினான்.

"கிளச் பிளேட் தேஞ்சு பெய்த்து அண்ணே. வழுக்குது. பிளேட் எல்லாம் மாத்தணும். நானே எடுத்துப் போட்டுத் தாறேன்."

"நீங்க எடுக்க வேணாம். நான் எடுத்தாறேன்."

"கடை முன்னுக்குத்தானே இரிக்கி."

"அந்தக் கடைக்காரரும் நீங்களும் ஒரே பந்தியில சாப்புடுற ஆளுங்க. நான் பண்டாரவளைக்குப் போறேன்."

பலீல் தோளைக் குலுக்கினான். பழனியாண்டி பஸ் ஏறிப் போய் பிளேட்டுகளை வாங்கி வந்தான். கூடவே, ஏற்றத்தில் இனி வழுக்கவே கூடாது என்று, கிளச்சுக்குக் கடினமான ஸ்பிரிங்கும் கேட்டு வாங்கிவிட்டான். பலீல் அந்த ஸ்பிரிங்கை விரலால் அமுக்கிப் பார்த்தான்.

"இது பந்தய வண்டிக்குப் போடுறது அண்ணே. போட்டா கிளச் பிடி கல்லு மாதிரி இரிக்கும். இறுக்கிப் பிடிக்க ஏலாது."

"நான் கல்லை விடவா லேசு? போடுங்க."

எனக்குப் பிறகு தெரிந்த ஒரு விஷயம்: அவன் பிளேட்டுகளை நேராகக் கராஜுக்குக் கொண்டுவரவில்லை. முதலில் வீட்டுக்குக் கொண்டுபோய், மகள் விட்டுப்போன சிவப்பு நகப்பூச்சை எடுத்து, ஒவ்வொரு பிளேட்டின் ஓரத்திலும் ஒரு புள்ளி வைத்திருக்கிறான். பலீல் மாற்றி வைத்தால் பிடித்துவிடலாம் என்று.

வேலை நடந்தது வெள்ளிக்கிழமை. பழனியாண்டி ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்து, பலீலின் கையை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தான். எஞ்சின் பக்கத்து மூடி திறந்து, பாதி வேலையில் கிடந்தது. ஜும்ஆத் தொழுகைக்கு நேரமானது. பலீல் கையைக் கழுவி, வேட்டி மாற்றி, தொப்பி போட்டுக்கொண்டு வந்தான்.

"அண்ணே, கொஞ்சம் வெளியில நில்லுங்க. கதவை இழுத்துப் போட்டுட்டுப் போறேன். தொழுதுட்டு வந்து மிச்சத்தைப் போடுவோம்."

"எஞ்சினைத் திறந்து வச்சுட்டா?"

"அது ஓடிப் போகாது அண்ணே."

பதுளையில் எந்த முஸ்லிம் பாஸும் வெள்ளிக்கிழமை இப்படித்தான் செய்வான். அதில் யாரும் குறை காண்பதில்லை. பழனியாண்டி கண்டான். பலீல் பள்ளிவாசலுக்குப் போய் வரும்வரை, இழுத்துப் பூட்டிய தகரக் கதவின் முன்னால் வெயிலில் நின்றான். முன்கதவை அவன் காத்தான். பின்பக்கத்து நடுக்கதவு அவனுக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

அந்த நேரம் வீட்டுக்குள் நான் இப்றாஹீம் நானாவுக்கு உடம்பு துடைத்துக்கொண்டிருந்தேன். கராஜுக்குள் இரும்பு விழுந்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. எட்டிப் பார்க்கவில்லை. பாதி துடைத்த ஆளை அப்படியே விட்டுவிட்டு எழும்ப முடியாது.

பலீல் வந்து வேலையை முடித்தான். கழற்றிய பழைய பிளேட்டுகளைக் கேட்டு வாங்கி, பத்திரிகைத் தாளில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு பழனியாண்டி போனான். அது அவன் வழக்கம். வண்டியில் எதை மாற்றினாலும் கழற்றியதைக் கையோடு கொண்டுபோய்விடுவான். வீட்டுச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறான். தேய்ந்த செயின், உடைந்த பெடல், அறுந்த கேபிள் எல்லாம் தொங்கும். அவன் மனைவி ராக்கம்மா அதில்தான் தேங்காய் துருவியை மாட்டுகிறாள்.

புதுப் பிளேட் போட்டபின் ஏற்றத்தில் வழுக்கவில்லை. ஆனால் வேறு கோளாறு தொடங்கியது. கியர் மாற்றும்போது "கடக்" என்று பல்லைக் கடித்தது. நியூட்ரல் அகப்படவே இல்லை. நிறுத்தினால் வண்டி நிற்காமல் முன்னால் முன்னால் இழுத்தது. பழனியாண்டி திரும்பி வந்தான். பலீல் கேபிளைச் சரிபார்த்தான், ஓட்டிப் பார்த்தான், நன்றாக இருக்கிறது என்றான். மறுநாளும் வந்தான். பலீல் ஓட்டினால் வெண்ணெய் மாதிரி விழும் கியர், பழனியாண்டி ஓட்டினால் கடித்தது.

"பலீல் நானா கையில என்ன மாயமோ தெரியல. என் வண்டி எனக்கு மட்டும் எதிரியாயிருச்சு."

"நீங்க அரை கிளச்ல மாத்துறீங்க அண்ணே. முழுசாப் பிடிச்சு மாத்துங்க."

"இருவது வருசமா ஓட்டுறவனுக்குக் கிளச் பிடிக்கச் சொல்லித் தாறீங்களா?"

அதற்குப் பிறகு அவன் ஹாலிஎலயில் இன்னொரு பாஸிடம் போனான். அவர் கியர் பெட்டியையே திறக்கணும் என்றார். அவரையும் நம்பாமல் வந்துவிட்டான். லயங்களில் மீன் விற்கும்போது, மீனைவிட அதிகமாக இந்தக் கதையைத்தான் விற்றான் என்று கேள்வி. "பள்ளிக்குப் போற சாக்குல நல்ல பிளேட்டைக் கழட்டி வச்சுட்டாங்க." பலீலிடம் வேலைக்கு வந்துகொண்டிருந்த தோட்டத்து ஆட்கள் சிலர் வராமல் போனார்கள். பலீல் ராத்திரிச் சாப்பாட்டைப் பாதியில் தள்ளிவைக்கத் தொடங்கினான்.

எனக்கும் மனது முழுதாகத் தெளிவாக இல்லை. அந்தச் சத்தம் காதில் இருந்தது. ஒரு நாள் கராஜில் கம்பிரசருக்குப் பின்னால் கூட்டும்போது மீன் முள்ளும், கடித்துப் போட்ட ஒரு சாளைத் தலையும் கிடந்தன. அடுத்த வீட்டுப் பூனை. அன்று பழனியாண்டியின் பெட்டி வண்டியிலேயே இருந்தது அல்லவா? பூனை உள்ளே போய் எதையோ தட்டியிருக்கிறது. ஆனால் இதைச் சொன்னால் பழனியாண்டி பூனையையும் பலீல் வளர்த்தது என்பான். நான் சொல்லவில்லை.

பிறகு ரயில் கேட்டில் அந்தச் சம்பவம் நடந்தது.

தெமோதரைக்கு இந்தப் பக்கம் கேட் மூடியிருந்தது. ரயில் வரும் சத்தம் கேட்கிறது. பழனியாண்டி கிளச்சைப் பிடித்து நிறுத்தப் பார்த்திருக்கிறான். வண்டி நிற்கவில்லை. முதல் கியரில் இழுத்துக்கொண்டே போய்க் கேட்டில் முட்டியது. கேட் தடுத்ததால் ஆள் தப்பினான். பெட்டி கவிழ்ந்து சூரையும் சாளையும் தண்டவாளத்தில் போய் விழுந்தன. ரயில் அதன்மேல் போனது.

மறுநாள் காலை அவன் ராக்கம்மாவைக் கூட்டிக்கொண்டு கராஜுக்கு வந்தான். ராக்கம்மா அன்று பெரட்டில் பேர் கொடுக்கப் போகவில்லை. கொழுந்து எடுக்கிற பெண் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வருகிறாள் என்றால் விஷயம் லேசில்லை. இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டுதான் வந்தாள்.

"நானா, எம் புருசன் நேத்து செத்திருப்பாரு. என்ன செஞ்சீங்கன்னு இன்னைக்குத் தெரியணும். இல்லாட்டி இந்த வண்டிய இங்கனயே போட்டுட்டு, நான் பொலிசுக்குப் போவேன்."

"தொறந்து காட்டுறேன் ராக்கம்மா. உங்க கண்ணு முன்னுக்குத் தொறக்கிறேன்."

நான் இப்றாஹீம் நானாவை நாற்காலியில் உட்காரவைத்து நடுக்கதவுக்குப் பக்கத்தில் தள்ளிக்கொண்டு வந்தேன். அவர்தான் கேட்டுக்கொண்டார். வீட்டுக்குள் இருந்து சண்டையின் பாதியைக் கேட்பது அவருக்குப் பிடிக்காது.

பலீல் எண்ணெயை வடித்தான், மூடியைக் கழற்றினான், பிளேட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பழனியாண்டியின் கையில் கொடுத்தான். பழனியாண்டி ஒவ்வொன்றையும் துணியால் துடைத்து ஓரத்தைப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

"இது என் பிளேட் இல்ல."

"எப்படிச் சொல்றீங்க?"

"நான் செவப்புப் புள்ளி வச்சிருந்தேன். நகப்பூச்சு. ஒண்ணுலயும் இல்ல. பாத்தியா ராக்கம்மா? பாத்தியா?"

பலீல் அவனையே பார்த்தான். "நகத்துல பூசுறதையா?"

"ஆமா."

"எஞ்சின் சூட்டுல, எண்ணெய்க்குள்ள, ஒண்டோட ஒண்டு தேயுற சாமான்ல நகப்பூச்சு எத்தனை நாளைக்கு அண்ணே நிக்கும்?"

"எல்லாத்துக்கும் உங்ககிட்ட ஒரு பதிலு இருக்கு." பிறகு என் பக்கம் திரும்பினான். "நர்ஸம்மா, அன்னைக்கு நீங்கதானே உள்ள இருந்தீங்க? இந்தக் கதவால யாரு வந்தா? நீங்க நம்ம லயத்து ஆளு. சொல்லுங்க."

"யாரும் வரல."

"இவங்க வீட்டுச் சோறு தின்னுறீங்க. வேற என்ன சொல்லுவீங்க."

உப்புக்குச் சாட்சி சொல்லும் ஆள் நான் இல்லை என்பது அவனுக்கும் தெரியும். கோபத்தில் வந்த வார்த்தை.

நகப்பூச்சு எண்ணெயில் நிற்குமா நிற்காதா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அன்று அங்கே அதற்கு முடிவு கிடைத்திருக்காது. பலீல் எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினான், எண்ணெய் ஊற்றினான். வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றினான். பின் சில்லு தரையில் படாமல் தூக்கி நின்றது. ஸ்டார்ட் செய்து, கிளச்சைப் பிடித்து, முதல் கியர் போட்டான். பின் சில்லு கொஞ்சம் அசைந்து நின்றுவிட்டது. பிடியை விட்டான். சில்லு சுழன்றது. பிடித்தான். நின்றது.

"கிளச் வேலை செய்யுது. வேற என்ன வேணும்?"

"நகருங்க." பழனியாண்டி வந்து பிடியைப் பிடித்தான். பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தான். பின் சில்லு சுழன்றுகொண்டே இருந்தது. வேகம் குறைந்தது, நிற்கவில்லை.

"பாத்தீங்களா! எல்லாரும் பாத்துக்குங்க! இவரு பிடிச்சா நிக்குது, நான் பிடிச்சா ஓடுது. எதையோ காலால அமுக்குறாரு."

பலீல் இரண்டு அடி தள்ளிப் போய்க் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். "காலு இங்க இரிக்கி. ராக்கம்மா, நீங்க வந்து பிடிங்க."

"எனக்கு வண்டியப் பத்தி என்னங்க தெரியும்?"

"தெரிய வேணாம். இந்தக் கம்பியக் கைப்பிடியோட ஒட்டுற வரைக்கும் இழுத்துப் பிடிங்க. அவ்வளவுதான்."

ராக்கம்மா தயங்கிக் கிட்டே வந்தாள். வருடக் கணக்காகக் கொழுந்து கிள்ளிய விரல்கள், தேயிலைக் கறை ஏறிக் கறுத்தவை. நாலு விரலையும் போட்டு ஒரே இழுப்பு. பின் சில்லு நின்றது. அவளுக்கே திகைப்பாக இருந்தது. கையை எடுத்தாள், சில்லு ஓடியது. திரும்பப் பிடித்தாள், நின்றது.

"ஏங்க, நிக்குதுங்க."

பழனியாண்டி அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "நீயும் இவங்களோட சேர்ந்துட்டியா?"

"சீ, என்னா பேச்சு இது! காலையில உங்களுக்குத்தானே ரொட்டி சுட்டுக் குடுத்துட்டு வந்தேன்!"

நாற்காலியில் இருந்த இப்றாஹீம் நானாவுக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வாய் கோணல், சிரிப்பு ஒரு பக்கமாகத்தான் வரும். எச்சில் வழிந்தது. நான் துடைத்துவிட்டேன். துடைத்துக்கொண்டே பழனியாண்டியைப் பார்த்தேன். அவன் இடது கையை வேட்டியில் உதறிக்கொண்டிருந்தான். தண்ணீர் பட்ட கையை உதறுகிற மாதிரி. கை காய்ந்துதான் இருந்தது.

"பழனி, வலது கையால பிடி."

"என்னாது?"

"அந்தக் கம்பிய வலது கையால பிடி. இந்தப் பக்கமா குனிஞ்சு, கைய நீட்டிப் பிடி."

"கிளச்சை எவன் வலது கையால பிடிப்பான்?"

"பிடிச்சுத்தான் பாரேன். நானும் அவங்க ஆளுதான், சரி. உன் வலது கை யாரு ஆளு?"

அவன் வண்டிக்கு மேலாகக் குனிந்து வலது கையை நீட்டினான். பிடித்தான். பின் சில்லு நின்றது.

அவன் விட்டான். சுழன்றது. இடது கையால் பிடித்தான். சுழன்றுகொண்டே இருந்தது. வலது கை. நின்றது. பழனியாண்டி இன்னொரு முறை செய்தான். தராசுக்கு அடியில் பார்க்கிறவன் மாதிரிக் குனிந்து பிடிக்கு அடியிலும் பார்த்தான். அங்கே ஒன்றும் இல்லை. பிறகு சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தான்.

நான் போய் அவன் இடது கையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். பெருவிரலுக்கு அடியில் சதை இருக்க வேண்டிய இடம் பள்ளமாக இருந்தது. வலது கையில் அதே இடம் மேடு.

"எப்பருந்து மரக்குது?"

"அது ஐஸுனால."

"ஐஸுல ரெண்டு கையையும்தான் விடுறே."

ராக்கம்மா சொன்னாள்: "ராத்திரியில எழும்பி உக்காந்து கைய உதறுவாரு நர்ஸம்மா. போன மாசம் ரெண்டு கிளாஸு ஒடஞ்சிச்சு. கேட்டா, நீ எண்ணெய்க் கையால கழுவி வச்சேன்னு எனக்குத்தான் ஏச்சு."

விசாரித்ததில் கதை தெரிந்தது. பெற்றோல் தட்டுப்பாட்டில் நாடே வரிசையில் கிடந்த அந்த வருடம், நமுனுகுலயிலிருந்து இறங்கும்போது எஞ்சினை அணைத்துவிட்டு உருட்டி வரப் பழகியிருக்கிறான். மலைப்பக்கத்தில் அப்போது எல்லோரும் செய்ததுதான். ஆனால் மற்றவர்கள் நியூட்ரலில் வந்தார்கள். இவனுக்கு நியூட்ரலில் நம்பிக்கை இல்லை. வளைவில் பஸ் வந்தால் எஞ்சின் உடனே வேண்டும் என்று, கியரைப் போட்டபடியே கிளச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அத்தனை இறக்கமும் வந்திருக்கிறான். கீழே வந்ததும் பிடியை விட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். ஐஸில் விறைத்த கை, மணிக்கட்டை மடக்கியபடியே. வரிசை போன பிறகும் பழக்கம் போகவில்லை. பிளேட்டைத் தேய்த்தது ஏற்றத்தில் அவன் பிடித்த அரை கிளச். கையைத் தேய்த்தது இந்த இறக்கம். அந்தக் கைக்கு மேல் அவனே வாங்கிவந்த கல் ஸ்பிரிங்.

"அப்ப பிளேட் என்னோடதுதானா?" என்று பலீலைக் கேட்டான்.

"உங்களோடதுதான் அண்ணே."

"ம்." நம்பினானா என்று முகத்தில் தெரியவில்லை.

இப்றாஹீம் நானா தன் மடியில் கிடந்த துணிச் சுருளை நல்ல கையால் எடுத்து அவன் பக்கம் எறிந்தார். அவர் கைப்பயிற்சிக்காக நான் சுருட்டித் தைத்தது. "இந்தா... மீன்காரா... நீயும்... நசுக்கு" என்று குழறினார். சுருள் பழனியாண்டியின் இடது கையில் பட்டு, பிடிபடாமல் கீழே விழுந்தது. அப்போதுதான் அவன் முகம் மாறியது. பெட்டி கவிழ்ந்தபோதுகூட அப்படி மாறியிருக்காது. கை போனால் நமுனுகுல ஏற்றம் போனது, வண்டி போனது. தோட்டத்தில் பேரும் இல்லை. என்ன செய்வான்?

"மரத்த கை எல்லாம் பாரிசவாதம் இல்ல," என்றேன். "மணிக்கட்டுல நரம்பு அமுங்கியிருக்கும். இன்னும் விட்டுவச்சா சதை திரும்பாது. நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்குப் போ."

போனான். அங்கேயும் அவன் அவன்தான். டாக்டரம்மா மணிக்கட்டைத் தட்டிப் பார்த்து நரம்புதான் என்று சொன்னதும், வலது கையையும் தட்டிப் பார்க்கச் சொன்னானாம், ஒத்துப்பார்க்க. சின்ன ஆபரேஷன், மரக்க ஊசி போட்டுத்தான். முடிந்ததும் வெட்டி எடுத்ததைப் பேப்பரில் சுற்றித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறான்.

"ஒண்ணும் எடுக்கல ஐயா. நரம்புக்கு மேல இறுகியிருந்ததை வெட்டி இடம் விட்டிருக்கு, அவ்வளவுதான்."

"ஒண்ணும் எடுக்காம என்னா ஆபரேஷன் நர்ஸம்மா?" என்று என்னிடம் வந்து கேட்டான். சுவரில் அவன் மாட்டிவைக்க ஒன்றும் இல்லாமல் போனதுதான் அவனுக்குக் குறை.

கை தேறும்வரை தெமோதரை ஸ்டேசன் பக்கத்தில் பெட்டியைக் கீழே வைத்து விற்றான். அந்த இடைவெளியில் வெலிமடைப் பக்கத்திலிருந்து ஒருவன் லயங்களுக்கு மீன் கொண்டுவரத் தொடங்கினான். பழனியாண்டி துணிச் சுருளை நசுக்கிக்கொண்டே அவனைத் திட்டுவான். திட்டத் திட்டப் பிடி இறுகியது என்று ராக்கம்மா சொல்கிறாள். பெருவிரல் சதை முழுதாகத் திரும்பவில்லை. இனித் திரும்பவும் திரும்பாது. ஆனால் கிளாஸைப் பிடிக்கிறான்.

பலீல் பழையபடி சாதாரண ஸ்பிரிங்கைப் போட்டுக் கொடுத்தான். பழனியாண்டி டயர்மேல் உட்கார்ந்து பார்த்தான். கல் ஸ்பிரிங்கைக் கேட்டு வாங்கித் தாளில் சுற்றிக்கொண்டான். மன்னிப்பென்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் ஒரு முழுப் பாரை மீனைக் கொண்டுவந்து கராஜ் மேசையில் வைத்தான். பலீல் அவசரப்படாமல் செவுளைத் தூக்கிப் பார்த்தான், கண்ணை அமுக்கிப் பார்த்தான்.

"என்ன நானா, நம்பிக்கை இல்லையா?"

"உங்ககிட்டப் படிச்சதுதான் அண்ணே."

லயங்களில் பலீலைப் பற்றிச் சொன்னதைப் பழனியாண்டி திருப்பிச் சொன்னானா என்று கேட்டால், தெரியாது. விட்டுப்போன ஆட்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கராஜுக்கு வருகிறார்கள். அதிலிருந்து ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இப்போது அவன் மறுபடி நமுனுகுலவுக்கு ஏறுகிறான். ஞாயிறுகளில் நான் லயத்து வீட்டில் இருப்பேன். அவன் மேலேயிருந்து இறங்கும் நேரம் எனக்குத் தெரியும். எஞ்சின் சத்தம் வருகிறதா என்று காது கொடுப்பேன். பெரும்பாலும் வருகிறது. சில நாள், கடைசி வளைவில், ஹோர்ன் மட்டும் கேட்கும்; எஞ்சின் கேட்காது.

"அணைச்சுட்டுத்தானே வந்தே?"

"ஓடிச்சு நர்ஸம்மா. காத்து அந்தப் பக்கம் அடிக்குது."

"கையக் கொடு."

மீனைப் பார்ப்பதற்கு முன்னால் அவன் இடது கையில் என் இரண்டு விரலை வைத்து நசுக்கச் சொல்வேன். என் விரல் வலித்தால்தான் மீன் வாங்குவேன். போன ஞாயிறு வலித்தது. சாளை எடுத்தேன்.